காரணம் என்று ஒரு கட்டம்

செப்டம்பர் 30, செவ்வாய்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எட்டாவது படித்தவள் இல்லை. ஐந்தாவது. அதிலும் கடைசி மூன்று மாதம் அம்மை போட்டு வீட்டில் கிடந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று கமிட்டிச் செயலாளர் குழந்தைவேலு ஐயா, “எதுவரைக்கும் படிச்சிருக்கே?” என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்றவள் ஏழாவது என்றாள். நான் எட்டாவது என்றேன். அந்தப் பொய்க்குத் தண்டனையாக நாலு வருடமாக லாக்புக் எழுதுவது என் தலையில் விழுந்திருக்கிறது. எத்தனை மணிக்கு உடல் வந்தது, எத்தனை மணிக்குப் பர்னர் போட்டது, எப்போது முடிந்தது, நடுவில் அணைந்ததா, அணைந்தால் காரணம். எல்லாம் குட்டிக் குட்டிக் கட்டம். கட்டமில்லாத பக்கத்தில் ஒரு நாளாவது எழுத வேண்டும் என்று ஆசை. மளிகைக் கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மாதான் கிடக்கிறது.

எங்கள் ஊர் மின்மயானத்தில் எனக்கு வேலை. ஊரார் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் எரிவது கேஸ். “மின்மயானம்னா கரண்டுல எரிக்கிறதுங்க, இது சிலிண்டருங்க” என்று நானும் வருகிற ஆட்களிடம் எல்லாம் திருத்திப் பார்த்தேன். ஒருவரும் திருந்தவில்லை.

என்னோடு வேலை செய்பவர் சென்னியப்பன் அண்ணன். ஐம்பத்தாறு வயது. விறகில் எரித்த காலத்திலிருந்து இங்கே இருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுகிறேன்.

நாளை ஆயுத பூஜை. இன்று அண்ணன் பர்னரைக் கழற்றி, பாகம் பாகமாகத் துடைத்து, செய்தித்தாள் மேல் பரப்பி வைத்தார். நான் தரையைக் கழுவினேன். “ஏனுங்ண்ணா, இத்தனையும் திரும்ப மாட்டத் தெரியுமா, இல்ல நாலு மிச்சம் வருமா?” என்று கேட்டேன். இன்றைய பத்து வார்த்தை காலையிலேயே முடிந்துவிட்டது போலிருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

பூஜை ஜோர். மாவிலை கட்டி, பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் ஆச்சு. செயலாளர் ஐயா கற்பூரத்தட்டோடு வந்து, “ஒன்னு விடாம எல்லாத்துக்கும் பூசு துளசிமணி. ஒன்னும் கோவிச்சுக்கக் கூடாது” என்றார். நான் விடுவேனா. ட்ராலிக்கு, கதவுக்கு, ஃபேனுக்கு, சிலிண்டருக்கு, சாம்பல் வாரும் கரண்டிக்கு, ஸ்பேனருக்கு, எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம்.

செய்தித்தாள் ஓரத்தில் ஒரு கம்பி தனியாகக் கிடந்தது. என் சாண் நீளம் இருக்கும், பென்சிலைவிட ஒல்லி, அடியில் வெள்ளைப் பீங்கான். கல்யாண வீட்டில் யாரும் சந்தனம் நீட்டாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி பாவமாக இருந்தது. அதற்குத்தான் நிறையப் பூசினேன். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து நுனி வரைக்கும். பீங்கானில் ஒரு சந்தனப் பொட்டு. மிச்சத்தை அண்ணன் நெற்றியில் இழுத்துவிட்டேன். “இப்பத்தான் மெஷின் மாதிரி இருக்கீங்க” என்றேன். லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் அவரே எல்லாவற்றையும் மாட்டினார். மிச்சம் எதுவும் வரவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் நல்லபடியாகப் போனார்கள்.

அக்டோபர் 4, சனி

இன்று பாதியில் பர்னர் அணைந்துவிட்டது.

பர்னர் ஓடுகிற சத்தம் எப்போதும் காதில் இருப்பதால் எனக்கு அது சத்தமாகவே தெரியாது. நின்றால்தான் தெரியும். பர்னரைக் கட்டுப்படுத்துகிற பெட்டியில் சிவப்பு விளக்கு. அண்ணன் கையைக் காட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். உடனே பற்றவைக்கக் கூடாது. உள்ளே எரியாத கேஸ் நின்றிருந்தால் அடுத்த பொறியில் கதவே பறந்துவிடும். பர்னருக்குக் காற்று ஊதுகிற ஃபேன் ஐந்து நிமிடம் ஓடி எல்லாவற்றையும் வெளியே ஊதித் தள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் பட்டன். ஐந்து நிமிடமும் ஆட்கள் கதவுக்கு வெளியே நின்று, “என்னாச்சுங்க, என்னாச்சுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுபடி பற்றியது. முடிந்தது.

லாக்புக்: 11.20, அணைந்தது. காரணம்: தெரியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

மூன்று தடவை அணைந்தது. ஒரே ஆளுக்கு மூன்று தடவை.

யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் ஐயா காரை நிறுத்தியும் நிறுத்தாமலும் இறங்கி வந்தார். நேராக அண்ணன் முன்னால் நின்றார்.

“வாயை ஊது.”

அண்ணன் குடியை விட்டு நாலு வருடம் ஆகிறது. நான் சேர்ந்தபோதே விட்டிருந்தார். இறந்தவரின் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ஊதினார்.

“பூஜைக்கு முந்தி நல்லா ஓடுச்சு. நீ கழட்டி மாட்டுனே, அதுக்கப்புறம் ஓடல. வேற எவன் தொட்டான்?”

“நான்தானுங்க மாட்டுனது” என்றார் அண்ணன்.

பர்னர் அறைக்குப் புதுப் பூட்டு போட்டாகிவிட்டது. கம்பெனி ஆள் வரும்வரை வெளியில் இருக்கிற பட்டனைப் போட மட்டும் அனுமதி. சாவி ஐயாவிடம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும்.

அக்டோபர் 7, செவ்வாய்

பர்னர் கம்பெனியின் ராபர்ட் தம்பிக்கு ஐயா போன் போட்டுக் கொடுத்தார். கோயம்புத்தூர்க்காரர். தீபாவளி நெருக்கத்தில் ஊர் ஊராகச் சுற்றுகிறார், உடனே வர முடியாதாம். லாக்புக்கை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“காரணம்கிற கட்டத்துல எல்லாமே தெரியலைன்னு போட்டிருக்கீங்களேக்கா.”

“தெரியலைன்னா தெரியலைன்னுதானே தம்பி போடணும். பரீட்சையிலயும் அப்படித்தான் எழுதுனேன்.”

சிரித்தார். “சரி, நான் சொல்றேன். தீக்குள்ள ஒரு கம்பி தலைய நீட்டிட்டு இருக்கும். பீங்கான் வச்ச கம்பி. பெட்டி அது வழியா கொஞ்சூண்டு கரண்டு அனுப்பும். தீ எரிஞ்சா அந்தக் கரண்டு தீ வழியாவே போய் பர்னர் இரும்புல சேரும். சேர்ந்தா, தீ இருக்குதுன்னு பெட்டிக்குத் தெரியும். சேரலைன்னா ஒரே நொடியில கேஸ மூடிரும்.”

“தீ வழியா கரண்டா? தீ என்ன ஒயருங்களா?”

“ஒயரேதான்க்கா.”

அப்புறம் அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரி எழுதுகிறேன். சும்மா இருக்கிற காற்றிலும் கேஸிலும் ஒவ்வொரு துகளுக்குள்ளும் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. யாருக்கும் கை காலி இல்லை, யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். அதனால் காற்றில் கரண்டு போகாது. தீயின் சூட்டில் ஒன்றோடொன்று மோதி சிலது பிய்ந்துவிடுகிறது. மைனஸ் தனி, பிளஸ் தனி. பிரிந்தவர்களைக் கம்பி ஒரு பக்கம் இழுக்க, இரும்பு ஒரு பக்கம் இழுக்க, ஓடுகிறார்கள். அந்த ஓட்டம்தான் கரண்டு. தீ அணைந்தால் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். வழி மூடிவிடும்.

“அதாவது புருஷன் பொண்டாட்டி கையப் புடிச்சுட்டே நின்னா வீட்ல ஒரு வேலை ஓடாது. சண்டை போட்டுப் பிரிஞ்சாத்தான் ஆளுக்கொரு பக்கம் வேலை பாப்பாங்க.”

“கிட்டத்தட்ட அதேதான்க்கா” என்றார். அந்தக் கரண்டு ரொம்பச் சின்னதாம். சின்ன பல்பு குடிக்கிற கரண்டை லட்சம் பங்கு வைத்தால் அதில் நாலைந்து பங்கு. அதுவும் தீ வழியாக வந்தால் ஒரு பக்கமாகத்தான் நிறைய வருமாம். ஈரம், அழுக்கு வழியாக வந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், பெட்டி ஏமாறாது. கெட்டிக்காரப் பெட்டி.

நாலு வருடமாக ஊரார் மின்மயானம் என்று சொன்னது சரிதான். நான்தான் தப்பாகத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டார். “அந்தக் கம்பி மேல ஏதாச்சும் படிஞ்சிருக்காக்கா? பாலேடு மாதிரி?”

ஆபீஸ் அறையில் தலைக்கு மேல் ஃபேன் சத்தம். கேள்வி சரியாகக் காதில் விழவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

அக்டோபர் 8, புதன்

நேற்று ஃபேன் சத்தம் என்று எழுதினேன். அந்த அறை ஃபேன் போன மாதமே ரிப்பேருக்குப் போனது. சும்மா ஞாபகம் வந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டு தடவை. ஐயா வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சென்னியப்பா, இனி ஒரு தடவை நடுவுல நின்னுதுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். ஊர்ல தலை காட்ட முடியல.”

“சரிங்க” என்றார் அண்ணன்.

ஐயா போனபின், “வேற எங்காச்சும் போனாத்தான் என்னங்ண்ணா? மில்லுக்கு, கிடங்குக்கு?” என்று கேட்டேன்.

“எங்க வேலை பாத்தேன்னு கேப்பாங்கல்ல அம்மிணி.”

அவ்வளவுதான் சொன்னார். ஒரு தடவை கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை கேட்டாராம். எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னாராம். டீ கொண்டுவந்த டம்ளரை அப்படியே திருப்பி எடுத்துப் போனார்களாம். இதை வேறு ஒருவர் எனக்குச் சொன்னது. அண்ணன் சொன்னதே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒட்டடை அடிக்க வேண்டும் என்று ஐயா வீட்டுக்குப் போய்ப் பர்னர் அறைச் சாவி வாங்கி வந்தேன். ஒரு வேலை முடிந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. பத்து நிமிடத்தில் பூட்டிவிட்டேன். ஒட்டடை அதிகம் இல்லை.

இடது கையில் இரண்டு விரல் கொப்புளம். வீட்டில் தோசைக்கல் என்று சொன்னேன். இங்கேயும் தோசைக்கல் என்றே எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

அண்ணன் என்னைப் பார்த்து, “என்ன அம்மிணி, நாலு நாளாச் சத்தத்தையே காணோம்?” என்றார். ஆறு வார்த்தை. நான் வாயை மூடியதும் இவருக்கு வாய் வருகிறது.

விரலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

வேலை வரவில்லை. ஊரில் யாரும் சாகாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 16, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்கு ஒரு பெரியவர் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரே மகள். உள்ளே வைத்துப் பற்றவைத்து இருபது நிமிடத்தில் முதல் தடவை நின்றது. ஐந்து நிமிடம் ஃபேன், மறுபடி பட்டன். எட்டு நிமிடம் எரிந்து மறுபடி நின்றது. மூன்றாவது தடவை பற்றி, நான் மூச்சு விடுவதற்குள் நின்றுவிட்டது.

மகள் கதவருகே வந்தார். “அப்பாவுக்கு என்னங்க ஆச்சு?”

செத்துப்போனவருக்கு என்ன ஆகும். ஆனால் அவர் கேட்டது புரிந்தது. பாதியில் இருக்கிறார்.

“கொஞ்சம் லேட் ஆகுதுங்க” என்றேன்.

“அவரு ஒரு நாளும் வண்டிய லேட் பண்ணுனதில்லைங்க” என்றார்.

மற்ற நாளாக இருந்தால் எனக்கு ஏதாவது வாயில் வந்திருக்கும். வரவில்லை.

ஐயா வந்துவிட்டார். கூடவே எலக்ட்ரீசியன் பூபதி, கையில் மீட்டர். பூபதி பூட்டைத் திறந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது ஒன்னுமில்லீங்க. சென்சார்தான் தகராறு. தீ இருக்குன்னு பெட்டிய ஏமாத்திவிட்டுர்றேன். அப்புறம் என்ன ஆனாலும் நிக்காது” என்றான்.

“தீ நெசமாவே அணைஞ்சா?” என்று கேட்டார் அண்ணன்.

“அதெப்படி அணையும்?”

“அணைஞ்சா கேஸ் மூடாது. உள்ள ரொம்பும். உள்சுவத்துக் கல்லு அத்தனையும் கனகனன்னு கெடக்குது. வெளிய இருபது பேர் நிக்கறாங்க.”

அண்ணன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஐயா வேர்வையைத் துடைத்தார். வெளியே யாரோ அழத் தொடங்கினார்கள்.

“இன்னிக்கு ஒரு நாளைக்குங்க” என்றான் பூபதி.

“இன்னிக்கு ஒரு நாளைக்குச் செய்” என்றார் ஐயா. “பட்டனை அமுத்து சென்னியப்பா.”

“அமுத்த மாட்டனுங்க.”

“அப்ப நீ போயிரலாம்.”

அண்ணன் ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்தார். உதறினார், தோளில் போட்டார், நடந்தார். பூபதி ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். வந்தது இதுதான்:

“அந்தக் கம்பிக்குத் திருநீறு பூசுனது நானுங்க.”

பூபதி கை நின்றது. ஐயா திரும்பினார்.

“எந்தக் கம்பி?”

“தீக்குள்ள இருக்கற கம்பிங்க. பூஜை அன்னிக்கு. குழைச்சு, நுனி வரைக்கும் பூசிட்டேன். ராபர்ட் தம்பி போன்ல கேட்டப்பவே தெரியுமுங்க. ஞாயித்துக்கிழமை தொடைக்கப் பாத்தேன், சுட்டுருச்சு. அண்ணன் மேல தப்பு இல்லீங்க. கேஸ் ரொம்பி வெடிச்சாப் பூசுனவ நான், சாகறது ஊரு.”

வாசலில் அண்ணன் நின்றிருந்தார். “எனக்குத் தெரியுமுங்க” என்றார் ஐயாவைப் பார்த்து. “மாட்டுறப்பவே பாத்தேன். சாமிக்குப் பூசுனதத் தொடைக்கக் கை வரல.”

ஒன்று விடாமல் பூசச் சொன்னது யார் என்று நான் சொல்லவில்லை. ஐயா தன் காரைப் பார்த்தார். வண்டி முன்னால் குங்குமம் இன்னும் காய்ந்து கிடந்தது.

“ராபர்ட்டுக்குப் போன் போடு” என்றார்.

ராபர்ட் வீடியோவில் வந்தார். முதலில் அந்தச் சின்னக் கரண்டை அளக்க மீட்டரை மாட்டி ஒரு தடவை பற்றவைக்கச் சொன்னார். தீ இருந்த இரண்டு நொடியில் மீட்டர் அரைகூடக் காட்டவில்லை. குறைந்தது இரண்டு காட்ட வேண்டுமாம். நின்றது. ஃபேன் ஓடி முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, மெயினை அணைத்து, ஒரே ஸ்க்ரூவில் கம்பியை அண்ணன் வெளியே இழுத்தார். கையில் தடித்த உறை. கம்பி மேல் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி வழவழவென்று ஓர் ஏடு. பீங்கானில் நான் வைத்த சந்தனம் கரியாகியிருந்தது.

“திருநீறு சூட்டுல கொஞ்சங்கொஞ்சமா உருகிக் கம்பிக்குச் சட்டை போட்டுருச்சுக்கா” என்றார் ராபர்ட். “தீயில கரண்டு ஓடுது, கம்பிக்குள்ள எறங்க முடியல. கொஞ்சநஞ்சம் எறங்குனதும் அந்தக் கரி வழியா நழுவிருது. நைஸ் உப்புத்தாள் இருக்கா?”

இருந்தது. நான் தேய்த்தேன். கொப்புளம் உடைந்தது, தேய்த்தேன். தேய்க்கும்போது மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். பீங்கானையும் துடைத்தேன். அண்ணன் மாட்டினார். விரல் படக் கூடாது என்று ராபர்ட் மூன்று தடவை சொன்னார்.

ஐயா கதவுக்கு வெளியே எல்லோரையும் தள்ளி நிறுத்தினார். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுப் பட்டனை அமுத்தினார்.

பொறி, பற்றுகிற சத்தம். பூபதி மீட்டரை என் பக்கம் திருப்பினான். மூன்று. மூன்றரை. நாலு. நாலிலேயே நின்றது.

ஒரு மணி பத்து நிமிடம் நிற்காமல் ஓடியது. நானும் அண்ணனும் உட்காரவே இல்லை. அந்தச் சின்ன நாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தீக்குள்ளே பிரிந்தவர்கள் எல்லாம் அவரவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சாம்பல் கலயத்தை மகளிடம் கொடுத்தபோது, “மன்னிச்சுக்குங்க அம்மிணி” என்றேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபின் ஐயா மேசையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிரில் நின்றோம். “ரெண்டு பேரும் நாளைக்கு வேலைக்கு வாங்க” என்றார். அப்புறம் என்னிடம், “எட்டாவது படிச்சவதானே. கம்பியில எதையும் பூசக் கூடாதுன்னு நல்லாப் பெருசா ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டு.”

“ஐயா, எட்டாவது இல்லீங்க. அஞ்சாவதுங்க.”

“அதையும் இன்னிக்கேதான் சொல்லணுமா?” என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

அண்ணனிடம் கேட்டேன். “தெரிஞ்சுட்டே எதுக்குங்ண்ணா வாயை ஊதிட்டு நின்னீங்க? என்னைக் காட்டிக்குடுத்திருக்கலாமில்ல?”

டீயைக் குடித்து முடித்தபின் சொன்னார். “உன்னய அனுப்பிட்டா அப்புறம் இங்க எங்கூடப் பேசறது யாரு? வர்றவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல.”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததால்தான்.

அக்டோபர் 18, சனி

ராபர்ட் தம்பி ஒருவழியாக நேரில் வந்தார். ஒல்லியான ஆள், கம்பி மாதிரியே. புதுக் கம்பி மாட்டினார். மீட்டரில் ஐந்து காட்டியது. உள்ளே யாரையும் வைக்காமல் பர்னரைச் சும்மா ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இன்று மட்டும் நாற்பது வார்த்தை இருக்கும்.

நான் அதற்குள் நோட்டீஸை எழுதி முடித்தேன். “இந்தக் கம்பியில் திருநீறு, சந்தனம், குங்குமம் எதுவும் பூசக் கூடாது. வணங்கினால் போதும்.” கொட்டை எழுத்து, சிவப்பு மை, காலண்டர் அட்டை அகலத்துக்குப் பெரிய காகிதம். சோற்றுப் பசை தடவி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து, பர்னருக்குக் காற்று இழுக்கும் ஃபேனின் வலை மேல் ஒட்டினேன்.

லாக்புக்: 4.10, அணைந்தது. காரணம்: துளசிமணி ஒட்டிய நோட்டீஸ்.